பினாங்கு மாரத்தானுக்கு "பிப் கேரண்டி" பேக்கேஜ் வாங்குமுன் இதைப் படித்துவிடுங்கள்

பினாங்கு பால மாரத்தானுக்குப் பதிவு மூடிய பிறகும் "பிப் கேரண்டி, ஹோட்டல், பஸ், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரே விலை" என்று வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம் சுற்றும். பிப் என்றால் ஓடும்போது நெஞ்சில் குத்திக்கொள்கிற எண் அட்டை. கிள்ளான் பள்ளத்தாக்கில் நம்மவர்கள் ஓடுகிற குழு எதிலாவது இருந்தால் கண்டிப்பாகப் பார்த்திருப்பீர்கள். பின்னால் பாலம், மேலே மஞ்சள் எழுத்து, மூலையில் ஒரு மெடல். அதை அனுப்புகிற ஆளிடம் பணம் கட்டாதீர்கள். ஏற்கெனவே கட்டியிருந்தால் ரசீதையும் மெசேஜ்களையும் அழிக்காமல் வையுங்கள், ஏன் என்று பின்னால் சொல்கிறேன். பெயரை இங்கே போடவில்லை, விஷயம் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் இருக்கிறது, அது முடியட்டும்.

ஆள் ஒன்றும் புதியவர் இல்லை. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்கு வேன் விடுகிறவர், அதில் யாரும் குறை சொல்லி நான் கேட்டதில்லை. அங்கே நமக்கு வேண்டியது போக ஒரு சீட்டு, வர ஒரு சீட்டு, அவ்வளவுதான். அந்த நல்ல பெயரை வைத்துக்கொண்டுதான் மாரத்தான் பக்கம் வந்திருக்கிறார். தமிழில் பேசுவார், "நம்ம பிள்ளைங்க ஓடணும்ணே" என்பார், பத்துமலை படிக்கட்டில் பயிற்சி எடுத்தவர்களோடு படம் எடுத்துப் போடுவார். நம்பாமல் இருப்பது கஷ்டம்.

பிப்போடு சேர்த்து 580 ரிங்கிட், பிப் இல்லாமல் 320. நான் பதிவு திறந்த கையோடு சொந்தமாகப் பதிந்துவிட்டேன், அதனால் எனக்கு 320. எங்கள் குழுவில் ஆறு பேர் 580 கட்டினார்கள். "இவ்வளவு கொடுத்து ஏன்?" என்று ஓடாதவர்கள் கேட்பார்கள். 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாலம் 1985-இல் திறந்ததிலிருந்து வண்டிகளுக்குத்தான், சாதாரண நாளில் கால் வைத்தால் போலீஸ் பிடித்து ஓரம் கட்டும். இந்த மாதிரி ஓட்டம் நடக்கிற இரவில்தான் நடுக்கடலில் நம் காலில் போக முடியும். கோலாலம்பூரில் ஏரித் தோட்டத்தையும் கெப்போங் ஏரியையும் சுற்றிச் சுற்றிச் சலித்தவனுக்கு அது பெரிய ஆசை. ஆசை இருக்கிற இடத்தில்தான் இவர்கள் கடை விரிப்பார்கள்.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். பஸ் தாமதம், ஏர்கோன் ஒழுகல் எல்லாவற்றையும் விட்டுவிடுகிறேன், அதெல்லாம் யாருடைய பயணத்திலும் நடக்கும். "பாலத்துக்குப் பக்கத்தில் ஹோட்டல், நடந்தே போகலாம்" என்று விளம்பரத்தில் இருந்தது. பஸ் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி நின்றபோது வெளியே பார்த்தால் பிறை. தீவே இல்லை, பெருநிலம்! ஓட்டம் தொடங்குவது தீவுப் பக்கம், குவீன்ஸ்பே அருகில். நான் போய்க் கேட்டேன். அவர் போனில் மேப்பைப் பெரிதாக்கிக் காட்டி, "பாருங்கண்ணே, பாலம் இங்கதான இருக்கு. பக்கத்துலன்னுதான சொன்னேன், எந்தப் பக்கம்னா சொன்னேன்?" என்றார். கோபம் வரவேண்டிய இடத்தில் எங்களில் ரெண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அவருக்கு அது போதுமாக இருந்தது.

சிரிக்கிற விஷயம் இல்லை அது. மாரத்தான் இரவில் அந்தப் பாலத்தை வண்டிகளுக்கு மூடிவிடுவார்கள். மூடின பிறகு பெருநிலத்திலிருந்து தீவுக்குப் போக, தெற்கே பத்து காவான் வரை இறங்கி, 2014-இல் திறந்த இரண்டாவது பாலத்தில் ஏறி, அதுவே 24 கிலோமீட்டர், பத்து மாவுங்கில் இறங்கி மறுபடி வடக்கே வரவேண்டும். இரவு பத்து மணிக்கு வேன் என்றார். வந்தபோது மணி பதினொன்றரை தாண்டிவிட்டது, அதுவும் பாதிப் பேர்தான் ஏற முடிகிற வேன். மீதிப் பேர் அந்த நேரத்து விலையில் கிராப் கார் பிடித்து, இறங்கின இடத்திலிருந்து தொடக்கக் கோட்டுக்கு ஓடியே போனார்கள். நாற்பத்திரண்டு கிலோமீட்டருக்கு முன்னால் அது ஓர் இலவச வார்ம்-அப்.

இதெல்லாம் பணமும் அலைச்சலும். நான் இந்தப் பதிவை எழுதுவது பிப்புக்காக.

பிப்பும் நேரம் எடுக்கும் சிப்பும் உள்ள உறைகளை, அதாவது கிட்டை, அவர் கடைசி வரை தரவில்லை. "கிட் எடுத்தாச்சு, என்கிட்ட பத்திரமா இருக்கு" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். இரவுச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஹோட்டல் வரவேற்பறையில் வைத்து ஆளுக்கொன்று நீட்டினார். ஆறு உறையிலும் வேறு யார் யாரோ பெயர். ஒருவருக்கு வந்தது முழு மாரத்தான் பிப்பே இல்லை, பத்து கிலோமீட்டர் பிப். எங்கள் வாத்தியாருக்கு, தமிழ்ப்பள்ளி ஆசிரியர், ஐம்பதைத் தாண்டியவர், நல்ல மீசை, ஒரு சீனப் பெண்ணின் பெயர் போட்ட பெண்கள் பிரிவு பிப். அவர் மெதுவாகத்தான் கேட்டார், "தம்பி, இது என் பேர் இல்லையே?" பதில்: "சார், நம்பர்தான் சார் முக்கியம். சிப்பு ஓடினா போதும், பேர யாரு பாக்கப் போறா?"

எப்படிக் கிடைக்கிறது இந்தப் பிப் என்றால், பதிந்துவிட்டு வர முடியாமல் போனவர்கள் கடைசி வாரத்தில் பேஸ்புக்கில் விற்பார்கள், சிலர் பாதி விலைக்கே கொடுப்பார்கள். அதை வாங்கி, அவர்கள் அடையாள அட்டை நகலையும் ஒப்புதல் கடிதத்தையும் காட்டிக் கிட்டை எடுத்து, "கேரண்டி" என்று முத்திரை குத்தி நமக்கு விற்கிறார். பிப்பை இன்னொருவருக்கு மாற்றக் கூடாது என்பது மாரத்தான்களில் பொதுவான விதி, பதியும்போது நாம் டிக் அடிக்கிற நிபந்தனைகளிலேயே இருக்கும். பிடிபட்டால் தகுதி நீக்கம், காப்புறுதியும் அந்தப் பெயர்க்காரருக்குத்தான். ஏற்பாட்டாளர்களை நான் குறை சொல்லவில்லை, அவர்கள் விதி சரியான விதி. இந்த ஆறு பேரும் சொந்தப் பெயரில் பிப் வரும் என்று நம்பித்தான் முழுப் பணம் கட்டினார்கள். வாங்கிய மெசேஜில் "உங்க பேர்ல ரெஜிஸ்டர் பண்ணித் தரோம்" என்றே இருக்கிறது. பத்து கிலோமீட்டர் பிப் கிடைத்தவர் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிட்டு ரூமுக்குப் போய்விட்டார். மற்றவர்கள், மாதக்கணக்கில் பயிற்சி எடுத்துவிட்டு இரவு ஒன்பது மணிக்கு என்ன செய்வார்கள்? குத்திக்கொண்டு கிளம்பினார்கள்.

பினாங்கில் ஓடாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நள்ளிரவுக்கு மேல் ஓடுவதால் குளுகுளு என்று இருக்கும் என்று நினைக்காதீர்கள். அந்த நேரத்திலும் 25 டிகிரியைச் சுற்றித்தான் இருக்கும், ஈரப்பதம் 90 விழுக்காட்டை ஒட்டி நிற்கும். வியர்வை காயாது. காய்ந்தால்தானே உடம்புச் சூடு இறங்கும், இங்கே அது சும்மா ஒழுகி சப்பாத்துக்குள் போய்ச் சளக் சளக் என்று கேட்கும். கடலுக்கு மேல் காற்று அடித்தால் அதிர்ஷ்டம், அன்றைக்கு அடிக்கவில்லை. வெறும் தண்ணீரை மடமடவென்று குடித்துக்கொண்டே போனால் ரத்தத்தில் உப்பு குறைந்து வேறு விபரீதம் வரும். ஆகவே இந்த மாதிரி ஓட்டத்தில் மருத்துவ உதவி என்பது அலங்காரத்துக்கு இல்லை. மயங்கி விழுந்தால் அவர்கள் முதலில் பார்ப்பது நெஞ்சில் இருக்கும் அந்த எண்ணைத்தான்.

பாலத்தில் போய்த் திரும்பி வரும்போது வாத்தியாரைப் பிடித்தேன். பிடித்தேன் என்ன, அவர் உட்கார்ந்திருந்தார், சாலையோரத் தடுப்பில் சாய்ந்து. கூப்பிட்டால் என்னைப் பார்க்கிறார், ஆனால் பேச்சு குழறுகிறது. கை ஜில்லென்று இருக்கிறது, விரல் நடுங்குகிறது. அவர் இன்சுலின் போடுகிறவர், குழுவில் எல்லோருக்கும் தெரியும். இடுப்புப் பையில் வைத்திருந்த இனிப்பு ஜெல் எப்போதோ தீர்ந்திருக்கிறது. மோட்டார் சைக்கிளில் வந்த மருத்துவத் தொண்டர், மலாய்க்காரப் பையன், முதல் வேலையாகப் பிப் எண்ணை வாக்கி-டாக்கியில் சொன்னான். பதில் வந்தது: பெண், வயது இருபத்தாறு, நோய் எதுவும் இல்லை. அந்தப் பையன் வாத்தியாரின் மீசையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடி எண்ணைப் படித்துக் காட்டினான், மறுபடி அதே பதில்.

நான் இன்சுலின் என்று சொன்னதும் விரலில் குத்திப் பார்த்தார்கள், சர்க்கரை ரொம்பக் கீழே போயிருந்தது, குளுகோஸ் கொடுத்து ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். நான் இல்லாவிட்டாலும் அவர்களே சோதித்துக் கண்டுபிடித்திருப்பார்கள், திறமையான பிள்ளைகள். ஆனால் அவர் வீட்டுக்கு யார் சொல்லியிருப்பார்? இதற்குள் கண்ட்ரோல் ரூமில் இருந்தவர்கள் தங்கள் வேலையை ஒழுங்காகச் செய்து, பதிவில் இருந்த அவசரத் தொடர்பு எண்ணுக்குப் போன் போட்டுவிட்டார்கள். விடியற்காலை நாலரை மணிக்கு ஈப்போவில் யாரோ ஓர் அப்பாவை எழுப்பி, "உங்கள் மகள் பினாங்குப் பாலத்தில் மயங்கிவிட்டார்" என்றிருக்கிறார்கள். மகளோ பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருக்கிறாள். அந்த மனிதர் கதவைத் தட்டிப் பார்க்கும் வரை என்ன பாடு பட்டிருப்பார்! வாத்தியார் மறுநாள் எழுந்து உட்கார்ந்துவிட்டார், இப்போது நன்றாக இருக்கிறார். அவர் வீட்டுக்காரம்மாவுக்கு நான் போன் போட்டபோதுதான் முழுக்கதையும் தெரிந்தது, அக்கா என்னைத் திட்டினார்கள், நியாயம்.

எங்கள் குழுவில் வேகமாக ஓடும் தம்பி ஒருவன் அன்றைக்குத் தன் சிறந்த நேரத்தை ஓடினான். முடிவுப் பட்டியலில் அது வேறு யாருடைய பெயரிலோ கிடக்கிறது.

திரும்பி வந்து பணம் கேட்டோம். முதலில் "பேசிக்கலாம்ணே", அப்புறம் குரல் செய்தியில் ஒரே புலம்பல், அப்புறம் "எங்க கம்பெனி எஸ்.எஸ்.எம்.ல ரெஜிஸ்டர் பண்ணது, முடிஞ்சா கேஸ் போடுங்க", அதற்குப் பிறகு பிளாக். இந்த எஸ்.எஸ்.எம். விஷயத்தைக் கொஞ்சம் கவனியுங்கள், நிறையப் பேர் இதைக் கேட்டதும் அடங்கிவிடுகிறார்கள். நிறுவன ஆணையத்தில் பதிவு செய்வது எந்தக் கடைக்கும் உள்ளதுதான், அது சுற்றுலா நடத்தும் உரிமம் ஆகாது. 1992-ஆம் ஆண்டின் சுற்றுலாத் தொழில் சட்டப்படி, தங்கும் இடமும் போக்குவரத்தும் சேர்த்துப் பேக்கேஜாக விற்க சுற்றுலா அமைச்சின் உரிமம் வேண்டும். உரிமம் உள்ளவர்களின் பட்டியல் அந்த அமைச்சின், அதாவது மோத்தாக்கின், இணையத்தளத்தில் இருக்கிறது, தேடிப் பார்க்க ரெண்டு நிமிடம் ஆகாது. இந்த ஆள் பெயர் அதில் இல்லை. பணம் போன வங்கிக் கணக்கும் கம்பெனி பெயரில் இல்லை, தனி ஆள் பெயரில். இப்படித் தனியார் கணக்கு கொடுத்தால், போலீஸின் செமாக் மியூல் தளத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள், ஏற்கெனவே புகார் இருந்தால் காட்டும். பணம் அனுப்பின கையோடு மோசடி என்று தெரிந்தால் மோசடிப் புகாருக்கான 997 எண்ணுக்கு உடனே அழையுங்கள். எங்களுக்கு அந்த வழி இல்லை, ஆள் பஸ்ஸும் விட்டார், ஹோட்டலும் கொடுத்தார், சொன்னது ஒன்று தந்தது ஒன்று என்பதுதான் வழக்கு.

அதற்குத்தான் தீர்ப்பாயம். 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் வருவது, 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம், கட்டணம் 5 ரிங்கிட், வக்கீல் தேவையில்லை, மூன்று ஆண்டுக்குள் போடவேண்டும். முதலாம் பாரத்தை நிரப்பி, விளம்பரம், உரையாடல், வங்கி ரசீது எல்லாவற்றையும் அச்செடுத்து இணைத்தோம். "அறுநூறு வெள்ளிக்கு யார் அலைவது" என்று நம்மில் பலர் விட்டுவிடுகிறோம், இவர்கள் கணக்குப் போடுவதும் அதை வைத்துத்தான். மலாய் எழுதத் தயங்குகிறவர்கள் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தைக் கேட்டுப் பாருங்கள், அங்கே தமிழிலேயே பேசலாம்.

பினாங்கில் ஓட ஆசை இருந்தால் இந்த ஆட்கள் யாருமே தேவையில்லை, அதுதான் வேடிக்கை. பதிவு திறக்கும் நாளைக் கவனித்து நீங்களே பதியுங்கள். கேஎல் செண்ட்ரலில் இ.டி.எஸ். ரயில் ஏறினால் பட்டர்வொர்த், அங்கிருந்து ஃபெரி, தீவில் இறங்கி பாயான் லெப்பாஸ் பக்கம் ரூம். என் கணக்கில் அது 320-க்கு மேல் பெரிதாகப் போகாது. பதிவு தவறிப்போனால் தவறிப்போனதுதான், அடுத்த வருடம் பாலம் எங்கேயும் போகாது. யாராவது கிட்டை எடுத்துத் தருகிறேன் என்றால், பிப்பைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், அதில் உங்கள் பெயர் இருக்கவேண்டும். சாக்குச் சொன்னால் புரிந்துகொள்ளுங்கள். சொந்தப் பிப் கிடைத்ததும் பின்பக்கம் திருப்பி ரத்த வகை, மருந்து, வீட்டு எண் எல்லாம் எழுதுங்கள். நம்மவர்கள் பலர் அதை எழுதுவதே இல்லை.

போன வாரம் அதே ஆள் லங்காவிக்குப் புதுப் பேக்கேஜ் விளம்பரம் விட்டிருக்கிறார். "பினாங்கில் வெற்றிகரமாக ஓடிய நம் குழு" என்று ஒரு படம், பிறை ஹோட்டல் வாசலில் நாங்கள் எல்லோரும் நிற்பது, நடுவில் வாத்தியார். அந்தப் படத்தையும் அச்செடுத்துக் கோப்பில் சேர்த்துவிட்டேன். தீர்ப்பாயத்தில் ஒவ்வொருவரும் தனித்தனியாகத்தான் மனு போடவேண்டும், ஆகவே இவரிடம் ஏமாந்தவர்கள் எனக்குத் தனிச்செய்தி அனுப்பினால் பாரம் நிரப்ப உதவுகிறேன், ஆளின் முகவரி என்னிடம் இருக்கிறது.