காரவாஜியோவைத் திரையில் காண: 1986 படமா, 2022 படமா?

நானூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த இத்தாலிய ஓவியர் காரவாஜியோவின் வாழ்க்கையைப் படமாகப் பார்க்க விரும்புகிறவர்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் தயங்குகிறார்கள்: டெரெக் ஜார்மனின் ‘காரவாஜியோ’ (1986), மிக்கேலே பிளாசிடோவின் ‘காரவாஜியோவின் நிழல்’ (2022).

கதை: ஜார்மனிடம் மரணப் படுக்கை நினைவுகள், துண்டு துண்டாக. பிளாசிடோவிடம் விசாரணை: கொலை செய்த ஓவியனுக்கு மன்னிப்பு வழங்கலாமா என்று போப்பாண்டவரின் ஆள் துருவுகிறான்.

காலம்: பிளாசிடோ பழைய ரோமை அழுக்கோடு எழுப்புகிறார். ஜார்மன் தட்டச்சுப் பொறியையும் கால்குலேட்டரையும் துணிந்து உள்ளே கொண்டுவருகிறார்.

ஒளி: இங்கே என் வாக்கு ஜார்மனுக்கே. வெறும் சுவர், ஒரு பக்கத்து வெளிச்சம், அசையாமல் நிற்கும் மாடல். ஓவியன் தரும் காசுகளை அந்த மாடல் தன் வாயில் அடக்கிக்கொள்கிறான். வறுமையும் ஆசையும் அந்த ஒரு வாயில் தெரிகின்றன. நடிகை டில்டா ஸ்விண்டன் நடித்த முதல் முழுநீளப் படமும் இதுதான்.

நீளம்: ஜார்மனுடையது 93 நிமிடங்கள், மற்றது ஏறக்குறைய இரண்டு மணி நேரம். இரண்டுமே குழந்தைகளுக்கானவை அல்ல.

ஓவியரைப் பற்றி எதுவும் அறியாதவர்கள் பிளாசிடோவில் தொடங்கலாம். காரவாஜியோவின் இருளையும் ஒளியையும் ஏற்கெனவே நேசிப்பவர்கள் ஜார்மனிடம் போகட்டும். இரவில், அறை விளக்கை அணைத்துவிட்டு.