நிவாதோகோ வாங்கலாமா?

ஜப்பானில், டோக்கியோவை ஒட்டிய சைதாமாவில் வீடு வாங்கியிருக்கும் நண்பர் நாற்றுக் கடையில் நிவாதோகோ என்ற புதர்ச்செடியைப் பார்த்துவிட்டு, "உங்க வீட்டுல நிக்குதே, வாங்கலாமா? தளிரைச் சாப்பிடலாமாமே?" என்று கேட்டார். அவர் கேட்டது ஏப்ரலில். அதனால் பதிலில் கொஞ்சம் கோபம் இருக்கும்.

குறை சொல்வதற்கு முன் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். குளிர் விடுவதற்குள்ளேயே, மற்றதெல்லாம் வெறும் குச்சியாக நிற்கும்போது, முதலில் துளிர்ப்பது இதுதான். மொக்கு பிளந்தால் மடிந்த இலைகளுக்கு நடுவே பச்சைப் பூங்கொத்தும் தயாராக இருக்கும். எவ்வளவு வெட்டினாலும் தழைக்கும். கோடையில் பழம் சிவந்ததும் பறவைகள் வந்துவிடும்.

ஏப்ரல் எரிச்சல் அசுவினியால்தான், செடியின் சாற்றை உறிஞ்சும் குட்டிப் பூச்சி. இளந்தண்டில் விரல் வைக்க இடமில்லாமல் அப்பிக்கொள்கிறது. அது சொட்டும் இனிப்பு நீரில் கீழே நிறுத்தும் சைக்கிளின் சீட் பிசுபிசுக்கிறது, எறும்பு வரிசை கட்டுகிறது. குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சினால் உதிரும், சில நாளில் திரும்ப வந்துவிடும். மருந்து அடிக்கலாம் என்றால், நாம் பறிக்க நினைத்த தளிரும் அதுதானே!

சரி, சாப்பிடும் விஷயம். இங்கே இளந்தளிரை மாவில் தோய்த்து, டெம்புராவாகப் பொரிப்பார்கள். நானும் பொரிப்பேன், ஆளுக்கு ஓரிரு தளிர், அவ்வளவுதான். அதிகமானால் பேதிதான். இலை, தண்டு, வேர், காய், விதை எல்லாவற்றிலும் சயனைடை வெளிவிடும் பொருள் உண்டு, கசப்பு மரவள்ளியில் இருப்பதும் அந்த வகைதான். அதனால் பச்சையாக வாயில் வைக்கவே கூடாது, குழந்தைகளுக்குப் பொரித்தும் தர வேண்டாம். பழத்தில் ஜூஸ் போடும் யோசனையையும் விட்டுவிடுங்கள். 1983இல் கலிஃபோர்னியாவில் இதன் உறவுச் செடியின் பழத்தை இலை, கிளையோடு நசுக்கிப் பிழிந்து குடித்தவர்களில் 8 பேரை ஹெலிகாப்டரில் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று.

வட ஜப்பானின் அவோமோரியில் உள்ள சன்னாய் மருயாமா என்ற, ஜோமோன் எனப்படும் வரலாற்றுக்கு முந்தைய காலத்துக் குடியிருப்பில் இந்த இனத்தின் விதைகள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. பழத்தைப் புளிக்கவைத்து மது செய்திருக்கலாம் என்கிறார்கள். அசுவினியை என்ன செய்தார்கள் என்று யாராவது தோண்டிச் சொன்னால் தேவலை.

ஆக, வளர்ப்பதற்கு இவ்வளவு சுலபமான செடி என் தோட்டத்தில் வேறில்லை. ஆனாலும் வாங்காதீர்கள். பிப்ரவரியில் கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன். ஆசை விடவில்லை என்றால் ஜூனில் வாருங்கள், குச்சி வெட்டித் தருகிறேன், நட்டால் வேர் பிடித்துவிடும். கடைக்கு எதற்குக் காசு?