ஜீரோ பேலன்ஸ் ஆப்பில் சரக்குப் பணம் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

சேலம் செவ்வாய்பேட்டையில் கொலுசு வியாபாரம் பார்க்கும் ஒருவர், மினிமம் பேலன்ஸும் கட்டணமும் இல்லை என்று ஒரு ஆப்பில் கணக்கு திறந்தார். வெளியூர்க் கடைக்காரர் அனுப்பிய சரக்குப் பணம் வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தது. சனிக்கிழமை பட்டறைக் கூலி போடப் பார்த்தால், 'கணக்கு பரிசீலனையில் உள்ளது'. கூப்பிட போன் நம்பர் கிடையாது, சாட் மட்டும்தான். அதில் 'உங்கள் பொறுமைக்கு நன்றி' என்று வந்துகொண்டே இருந்தது. பொறுமையைக் கூலியாக எண்ணிக் கொடுக்க முடியுமா?

அவர் சண்டை போட்டதெல்லாம் ஆப்காரர்களோடு. ஆனால் பூட்டியது அவர்கள் இல்லை. திறக்கும் அதிகாரமும் அவர்களிடம் இல்லை. ஆப் மட்டும் நடத்தும் கம்பெனிக்கென்று ரிசர்வ் வங்கி தனி வங்கி உரிமம் எதுவும் தருவதில்லை. உரிமம் இல்லாதவர்கள் பெயரில் 'பேங்க்' என்று போட்டுக்கொள்வதையே 1949-ம் ஆண்டு வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 7-வது பிரிவு தடுக்கிறது. பணம் கிடப்பது பொடி எழுத்தில் போட்டிருக்கும் கூட்டாளி வங்கியில்.

அது எந்த வங்கி என்று கண்டுபிடிக்க, கணக்கு விவரத்தில் ஐஎஃப்எஸ்சி கோடைப் பாருங்கள். மொத்தம் 11 எழுத்து. முதல் நான்குதான் வங்கி, ஐந்தாவது பூஜ்யம், மீதி கிளை. அந்த வங்கியின் சொந்த நெட்பேங்கிங்கில் உங்கள் கணக்கு தெரிகிறதா என்று பணம் போடுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். ஐஎஃப்எஸ்சியே இல்லை என்றால் பெரும்பாலும் அது வாலட், அதாவது பணம் போட்டு வைத்துச் செலவழிக்கும் ஆப் பணப்பை; வங்கிக் கணக்கு இல்லை. வங்கி டெபாசிட்டுக்கு உள்ள 5 லட்சம் ரூபாய் காப்பீடு வாலட் பணத்துக்குக் கிடையாது.

நடுவில் ஒரு கம்பெனி கணக்கு எழுதினால் என்ன ஆகும் என்பதை 2024-ல் அமெரிக்காவில் பார்த்தார்கள். ஆப்களுக்கும் வங்கிகளுக்கும் இடையில் பேரேடு வைத்திருந்த சினாப்ஸ் திவாலானது. அதன் ஏட்டுக்கும் வங்கிகளில் இருந்த பணத்துக்கும் ஒத்துப்போகவில்லை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பணத்தை எடுக்க முடியாமல் மாதக்கணக்கில் தவித்தார்கள். திவாலானது வங்கி இல்லை என்பதால் டெபாசிட் காப்பீடும் கைகொடுக்கவில்லை.

இலவசம் எப்படிக் கட்டுப்படியாகிறது? அமெரிக்காவில் கார்டு தேய்க்கும்போது கடைக்காரர் கட்டும் கமிஷனில் ஆப்புக்கும் பங்கு உண்டு. 1000 கோடி டாலருக்குக் கீழ் சொத்துள்ள சிறு வங்கிகளுக்கு அந்தக் கமிஷனில் உச்சவரம்பு இல்லை. அதனால் அவற்றோடு கூட்டு சேர்கிறார்கள். இங்கே யுபிஐக்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் 2020 ஜனவரி முதல் அந்தக் கமிஷனே இல்லை. ஆகவே கடனை விற்றுத்தான் பிழைக்க வேண்டும். திறந்ததும் 'உங்களுக்கு 50,000 தயார்' என்று மின்னுவது அதற்குத்தான். ஆப்பில் டிஜிட்டல் தங்கம் விற்பதும் அதற்குத்தான். அந்தத் தங்கம் தன் கட்டுப்பாட்டில் இல்லை என்று பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபியே 2025 நவம்பரில் எச்சரித்தது.

கணக்கு ஏன் முடங்குகிறது? ஒன்று, சேமிப்புக் கணக்கில் வியாபாரப் பணம் பெருந்தொகையாக வந்து விழுவது. ஆப்பில் திறப்பது பெரும்பாலும் சேமிப்புக் கணக்குதான். வியாபாரத்துக்கு நடப்புக் கணக்கு வேண்டும். இன்னொன்று, அனுப்பியவருக்கு வந்த பணத்தில் எங்கோ மோசடிப் பணம் கலந்திருந்து, சைபர் போலீஸ் அந்தச் சங்கிலியில் உள்ள கணக்குகளை நிறுத்தச் சொல்வது. இரண்டாவதில் உங்கள் மேல் தப்பே இருக்காது, ஆனாலும் மாட்டிக்கொள்வீர்கள்.

மாட்டினால் சாட்டில் நேரத்தைக் கரைக்காதீர்கள். கூட்டாளி வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மெயில் போடுங்கள். 'ஆப்பைக் கேளுங்கள்' என்று கிளையில் தட்டிக்கழித்தால், வெளியாளிடம் வேலையை விட்டாலும் பொறுப்பு வங்கியுடையதுதான் என்ற ரிசர்வ் வங்கி விதியைச் சொல்லுங்கள். யார் உத்தரவில் நிறுத்தினார்கள், எந்த மாநிலப் போலீஸ், புகார் எண் என்ன, எவ்வளவு தொகைக்கு என்று எழுத்தில் கேளுங்கள். சந்தேகத் தொகையை மட்டும் நிறுத்திவைத்து மீதியை விடச் சொல்லுங்கள். ஜிஎஸ்டி பில், சரக்கு அனுப்பிய ரசீது, வாங்கியவரின் ஆர்டர் மெசேஜ் மூன்றையும் இணையுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் சரியில்லை என்றால், வங்கிகள் மேல் வரும் புகாரை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஆம்பட்ஸ்மேனிடம் இலவசமாகப் புகார் செய்யலாம். உதவி எண் 14448.

பணமே திருடு போயிருந்தால் கதை வேறு. உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-ஐக் கூப்பிடுங்கள். வங்கிக்கும் 3 வேலை நாளுக்குள் தெரிவித்துவிட வேண்டும். தப்பு உங்கள் மேலும் இல்லை, வங்கி மேலும் இல்லை, வேறெங்கோ நடந்தது என்றால், அந்தக் கெடுவுக்குள் சொன்னவர் தலையில் நஷ்டம் விழாது. ஏற்காடு எஸ்டேட் பக்கம் இருப்பவர்கள் அந்த வங்கியின் புகார் எண்ணை இப்போதே ஒரு தாளில் எழுதி வையுங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் ஆப் திறக்காது.