பசை தேவையில்லாத விமானத்துக்கு மூன்றாவது முறையாகப் பசை

நேற்று இரவு, மகனோடு கட்டிய பிளாஸ்டிக் மாதிரி விமானத்தின் வலது சக்கரக் காலை மறுபடி ஒட்டினேன். இது மூன்றாவது முறை. பெட்டியின் மூலையில் சிவப்பு வட்டம் போட்டு ‘பசை தேவையில்லை’ என்று பெருமையாக அச்சடித்திருக்கிறார்கள். அந்தப் பெட்டியை நான் இன்னும் தூக்கிப்போடவில்லை, கோபம் ஆறாமல் இருக்கட்டும் என்றுதான்.

சரியாக அந்த நேரம் பார்த்து அலுவலகத் தோழியிடமிருந்து செய்தி. போன வருடம் நான் 1,850 ரூபாய்க்கு வாங்கிய அதே கிட் (பாகங்களைச் சேர்த்துக் கட்டும் பெட்டி) இப்போது 1,299-க்கு வருகிறதாம். அவள் பையனுக்கு ஐந்து முடிந்து ஆறு நடக்கிறது. “வாங்கலாமா?” என்று ஒற்றை வார்த்தையில் கேட்டிருந்தாள். எனக்கு ஒற்றை வார்த்தையில் பதில் சொல்ல வரவில்லை.

1/72 அளவு ஸ்பிட்ஃபயர், அதாவது இரண்டாம் உலகப் போர்க்காலப் பிரிட்டிஷ் போர் விமானத்தை 72-ல் ஒரு பங்காகச் சுருக்கிய ஸ்கேல் மாடல். அழுத்தினால் பொருந்தும் வகை, நாற்பது சொச்சம் பாகங்கள், ஒரு ஸ்டிக்கர் தாள். தயாரித்தவர் பெயர் வேண்டாம். இந்த வகைக் கிட்கள் பலவற்றிலும் நான் சொல்லப்போகும் வியாதி உண்டு.

வியாதி, கட்டைவிரல். எட்டு வயதுக்கு மேல் என்று பெட்டியில் போட்டிருந்தது, என் மகனுக்கு அப்போது ஐந்தரை. ஆகவே பாதிப் பழி என்னுடையது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முதல் ஞாயிற்றுக்கிழமை அவன் எவ்வளவு நன்றாகத் தொடங்கினான் தெரியுமா? பாகங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும் ஸ்ப்ரூ சட்டத்தில் எண்ணைத் தேடிப் பிடித்தான். நிப்பரை இரண்டு கையாலும் பிடித்துப் பாகத்தை வெட்டினான், வெட்டிய இடத்தை நகம் தேய்க்கும் அட்டையால் தேய்த்தான். பிறகு உடலின் இரண்டு பாதிகளையும் சேர்த்து வைத்து அழுத்தினான். சத்தமே வரவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு அழுத்தினான், எழுந்து நின்று உடம்பு பாரம் முழுவதையும் போட்டான். அப்புறம் என்னிடம் நீட்டினான். “அம்மா, நீ அழுத்து.”

அன்றைக்கு அந்த வாக்கியத்தை எத்தனை தடவை கேட்டேன் என்று கணக்கில்லை. ஒவ்வொரு முளையும் ஓட்டைக்குள் போக என் நகம் வெளுத்தது. மறுநாள் சப்பாத்தி மாவு பிசையும்போது கட்டைவிரலில் சுருக்கென்றது. அவசரத்தில் விமானியை வால் பக்கம் பார்த்தபடி உட்காரவைத்து அழுத்தியும் விட்டேன். போனது போனதுதான், திரும்ப எடுக்க வரவில்லை. “பின்னாடி யார் வர்றாங்கன்னு பாக்குறாரும்மா” என்று பையன்தான் சமாதானம் சொன்னான்.

எனக்கு எரிச்சல் வருவது வலியால் அல்ல. பசை வேண்டாம் என்றால் குழந்தை தானே கட்டும் என்றுதானே எவரும் நினைப்பார்கள்? நடந்தது நேர்மாறு. கல்லூரி நாட்களில் நான் கட்டிய முதல் கிட்டுக்குப் பசை வேண்டும். அதில் இரண்டு பாதியைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டால் போதும், பலம் எதுவும் வேண்டாம், கொஞ்சம் பொறுமை இருந்தால் சரி. இதிலோ பலமுள்ளவர் கட்டுகிறார், பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறது.

அப்பா பொன்மலை ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு வாரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தவர், ஒரு நாள் பழைய வெர்னியரை எடுத்து வந்து முளையையும் ஓட்டையையும் அளந்தார். முளை 2.1 மில்லிமீட்டர், ஓட்டை 2.0. “இது டைட் ஃபிட், பாப்பா. பெட்டிக்குள்ள ஒரு சுத்தியலும் போட்டிருக்கணும்” என்றார்.

வைத்தியம் எனக்கும் தெரிந்ததே. முளையின் நீளத்தில் பாதியை வெட்டிவிட வேண்டும், அல்லது கைத் துரப்பணத்தால் ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாக்க வேண்டும். பெரியவர்களுக்கான கிட்களில் நானே எத்தனையோ தடவை செய்திருக்கிறேன். குழந்தைக்கான கிட்டுக்குப் போய் வைத்தியமா என்ற வீம்பில் விட்டுவைத்திருந்தேன். வெட்டியதும் பாகங்கள் சொன்ன பேச்சு கேட்டன. பையனே இறக்கையை வைத்தான், பையனே வாலை வைத்தான். ஆனால் பாதி முளை பிடித்து நிற்காதே. ஆக, பசை.

தாமியாவின் எக்ஸ்ட்ரா தின் சிமெண்ட், பச்சை மூடி, 40 மில்லி கண்ணாடிப் புட்டி. மூடியிலேயே சிறு தூரிகை உண்டு. சொல்லப்போனால் இது பசையே அல்ல, பாகங்களின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனைக் கரைத்து இரண்டு துண்டையும் ஒன்றாக்கிவிடும் திரவம். தூரிகையால் இணைப்பின் ஓரத்தைத் தொட்டால் இடுக்கு வழியே தானே ஓடிவிடும். நெடி உண்டு, சட்டென்று தீப்பற்றும். அதனால் எங்கள் வீட்டில் அந்தப் புட்டி என் கைக்கு மட்டும், அதுவும் சன்னல் திறந்திருக்கும்போது, சமையலறைக்கு எட்டத்தில். அவன் பிடிப்பான், நான் தொடுவேன். இருபது எண்ணும்வரை இருவரும் அசைய மாட்டோம். பதினான்கு மாதத்தில் எனக்கு மிகவும் பிடித்துப்போனது அந்த இருபது எண்ணிக்கைதான். மற்ற நேரத்தில் அவன் இருபது நொடி அசையாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

ஒரு முறை திரவம் அவன் விரலுக்கு அடியிலும் ஓடிவிட்டது. விரலை எடுத்துப் பார்த்தால் இடது இறக்கையில் ரேகை அச்சு அசலாகப் பதிந்திருக்கிறது. 800 எண் உப்புத்தாளை எடுத்தேன், வைத்துவிட்டேன். வலது இறக்கையிலும் ஒன்று இருந்தது, அதைத் தேய்த்தாகிவிட்டது. அது என்னுடையது.

ஸ்டிக்கரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. திருச்சியின் மே மாத வெயிலுக்கு ஓரங்கள் சுருண்டுகொண்டன. தண்ணீரில் நனைத்து நகர்த்தி ஒட்டும் டீக்கல் இதைவிட எவ்வளவோ மேல், குழந்தைக்கும் அது வித்தை போல் இருக்கும். சிறு பாகங்கள் தவழும் குழந்தை இருக்கும் வீட்டுக்கு ஆகாது. வால் சக்கரத்தை நான் இரண்டு முறை முறத்தில் குப்பையோடு கண்டெடுத்தேன்.

இனி நான் எதிர்பார்க்காத விஷயம். ஸ்பிட்ஃபயரின் இறக்கை வீச்சு 11.23 மீட்டர். 72-ஆல் வகுத்தால் 15.6 சென்டிமீட்டர். பையன் தன் பென்சில் டப்பாவிலிருந்து 15 சென்டிமீட்டர் ஸ்கேலை எடுத்து மேலே வைத்துப் பார்த்தான். “ஸ்கேலைவிடப் பெரிசா இருக்கே, அப்புறம் எப்படி இது ஸ்கேல் மாடல்?” நல்ல கேள்வி. விளக்கினேன். ஆறடி மனிதர் 72 அங்குலம், ஆகவே இந்த உலகத்தில் அவர் ஓர் அங்குலம். அவ்வளவுதான், வீட்டில் ஒரு பொருளை விடவில்லை. ஓர் அடி அகலத் தோசை நாலு மில்லிமீட்டர், மிளகு அளவு. தாத்தா 23 மில்லிமீட்டர். அவன் 115 சென்டிமீட்டர் உயரம், அதனால் வெறும் 16 மில்லிமீட்டர். இதில் முகம் வாடிவிட்டது.

அப்பாதான் காப்பாற்றினார். “மலைக்கோட்டை எவ்வளவுடா உயரம்?” பாறை 83 மீட்டர். வகுத்தால் 115 சென்டிமீட்டர். நான் இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன், சரியாக இருந்தது. அன்று முதல் அவன்தான் மலைக்கோட்டை. கூடத்தின் நடுவில் விறைப்பாக நிற்பான், உச்சிப் பிள்ளையாராகத் தலையில் ஒரு கொழுக்கட்டை அச்சு. தாத்தா விமானத்தைக் கையில் பிடித்துக்கொண்டு சுற்றி வர வேண்டும். விமான நிலையம் என் தையல் மெஷின், இறங்குவது எப்போதும் அதன் மேல்தான். சக்கரக் கால் உடைந்த மூன்று முறையும் இறங்கும்போதுதான் உடைந்தது.

நியாயமாகச் சொன்னால், அது கிட்டின் குற்றம் மட்டுமல்ல. உண்மையான ஸ்பிட்ஃபயருக்கே கால்கள் ஒடிசல், சக்கரங்கள் நெருக்கம், தரையில் தள்ளாட்டம் அதிகம். கால்களை மடக்கிய நிலையில் கட்டும் வழியும் செய்முறைத் தாளில் இருந்தது. நான் சொன்னபோது “சக்கரம் இல்லாம எப்படிம்மா இறங்கும்?” என்று மறுத்தது அவன்.

ஆகவே தோழிக்கு: வாங்காதே. ஆறு வயது விரலுக்கு இது ஏற்ற சாமான் இல்லை. உன் மகனுக்கு ரோபோ பிடிக்குமென்றால் பண்டாய் நிறுவனத்தின் ‘என்ட்ரி கிரேட்’ ரோபோ கிட் வரிசையைப் பார். பாகங்களைக் கையாலேயே திருகி எடுக்கலாம், நிப்பர்கூட வேண்டாம், இணைப்பும் இவ்வளவு அடம்பிடிக்காது. விமானம்தான் வேண்டும் என்று நின்றால் முதலில் முளைகளை வெட்டு, பசைப் புட்டியை உன் கையில் வைத்துக்கொள். ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால் போன வாரம் மூன்று சொல்லியிருப்பேன். இன்றைக்கு இரண்டு.

நான் 1,299-க்கு இன்னொன்று வாங்கப் பணம் கட்டிவிட்டேன். உதிரிக் கால் தனியாகக் கிடைப்பதில்லை, வேறென்ன செய்ய. வியாழக்கிழமை வரும் என்கிறது. முளை வெட்டும் வேலையை அப்பா கேட்டு வாங்கிக்கொண்டார். விமானி இந்த முறை முன்பக்கம் பார்த்து உட்காரட்டும் என்று நான் சொன்னதற்கு மட்டும் மலைக்கோட்டை இன்னும் சம்மதிக்கவில்லை.