சுங்கை சிப்புட்டில் வாங்கிய பழைய பிலிப்ஸ் சிடி பிளேயர்

அப்பா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிச் சேர்த்த காசில் வாங்கிய சிடிகள் மொத்தம் 82. பாதி நாகஸ்வரம், மீதி பழைய திரைப்பாடல்களும் பக்திப் பாடல்களும். அவர் போன பிறகு அவை பிஸ்கட் டின்களில் கிடந்தன. அவற்றைப் போட்டுக் கேட்க ஒரு நல்ல கருவி வேண்டும், அதுவும் அந்தக் காலத்துக் கருவியாகவே இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

முதல் முயற்சியில் பணத்தை இழந்தேன். தூரத்து ஊர்க்காரர் ஒருவர் படத்தைக் காட்டி விற்ற ஜப்பானியக் கருவி அது. 260 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தேன். அது ஜப்பான் நாட்டுக்குள் விற்பதற்காகச் செய்யப்பட்டது, 100 வோல்ட்டில் மட்டுமே ஓடும் என்பதை அவர் சொல்லவில்லை. நம் வீட்டு மின்சாரம் 230-240 வோல்ட். சொருகிய சில நொடிகளில் கருகிய நாற்றம் கூடமெல்லாம் பரவியது. பிறகு அவர் தொலைபேசியை எடுக்கவே இல்லை.

இந்த முறை கண்ணால் பார்த்து, காதால் கேட்டுத்தான் வாங்குவது என்று முடிவு செய்தேன். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஈப்போவிலிருந்து கோலகங்சார் போகும் பழைய சாலையில், சுங்கை சிப்புட் கடைவீதியிலேயே அந்தக் கடை இருக்கிறது. கடைமுன் ஐந்தடி நடைபாதையில் மின்விசிறிகளும் சோற்றுப் பானைகளும் குவிந்திருக்கும். உள்ளே போனால் பின்சுவர் முழுக்க ஆம்ப்ளிபையர், ஸ்பீக்கர், டேப். கடைக்காரர் இளவயதில் மோட்டார் சைக்கிளில் தோட்டம் தோட்டமாகப் போய் லயத்து வீடுகளில் ரேடியோ பழுது பார்த்தவர்.

நான் கேட்காமலேயே திருப்புளியை எடுத்து மேல்மூடியைக் கழற்றினார். “உள்ளே பார்த்துவிட்டு விலை பேசுங்கள், டீச்சர்” என்றார். அந்த ஒரு செயலுக்காகவே இந்தக் கடையை நம்பலாம்.

கருவி பிலிப்ஸ் சிடி 650, 1980களின் நடுப்பகுதியைச் சேர்ந்தது. சிடி பிளேயர் முதன்முதலில் ஜப்பானில் கடைக்கு வந்தது 1982 அக்டோபரில். அதற்குச் சில ஆண்டுகளே இளையது இது. லேசர் கண் இதில் தண்டவாளத்தில் ஊர்வதில்லை. கிராமபோன் கையைப் போல ஒரு சிறு கரம் வளைவாக அசைந்து படிக்கிறது. எண்களை ஒலியாக மாற்றும் 16 பிட் சில்லு, டிடிஏ 1541, இன்றும் பலர் தேடி அலையும் பொருள். அதன் பக்கத்தில் இருக்கும் வடிகட்டிச் சில்லு நன்றாகச் சூடேறும். அதன் தலையில் சிறு அலுமினியத் தகடு ஒட்டியிருந்தார். மேலே துணி விரிக்கக் கூடாது, காற்றுப் போகவேண்டும் என்று இரண்டு முறை சொன்னார். பின்பக்க ஒட்டுச்சீட்டில் 100 அல்ல, 220 வோல்ட் என்று இருந்ததை நானே விரல் வைத்துப் படித்தேன்.

அப்பாவின் சிடிகள் ஐந்தைக் கைப்பையில் எடுத்துப் போயிருந்தேன். வாங்கப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் செய்யுங்கள். முதல் பாட்டைக் கேட்டுவிட்டுத் தலையாட்டாதீர்கள். சிடி உள்வட்டத்தில் தொடங்கி விளிம்பில் முடிகிறது. தொடக்கத்தில் நிமிடத்துக்கு 500 சுற்று, கடைசியில் ஏறக்குறைய 200. தளர்ந்த கருவி பெரும்பாலும் விளிம்பில்தான் தடுமாறும். அதனால் நீளமான சிடியாகப் பார்த்து அதன் கடைசிப் பாட்டைப் போடச் சொன்னேன். தடங்கல் இல்லை. பிறகு முதல் பாட்டுக்கும் கடைசிப் பாட்டுக்கும் மாறி மாறித் தாவ வைத்தேன். ஒவ்வொரு முறையும் நொடிப்பொழுதில் பிடித்துக்கொண்டது.

ஐந்தில் ஒன்றை மட்டும் அது ஏற்கவில்லை. தைப்பூசக் கடையில் வாங்கிய நகல் சிடி அது. இப்படிப் பதிவு செய்த தட்டுகள் அச்சிட்ட சிடி அளவுக்கு ஒளியைத் திருப்பி அனுப்புவதில்லை, பழைய கண்ணுக்கு அது போதாது என்று அவர் விளக்கினார். வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் போட்டுப் பார்த்ததில் அப்படி 11 தேறின. அவற்றைச் சாதாரண டிவிடி பிளேயரில் கேட்கிறேன்.

விலை 450 என்றார், 400 வெள்ளிக்குக் கொடுத்தார். ரசீது கையால் எழுதிய துண்டுச்சீட்டு. உத்தரவாதம் ஒரு மாதம், அதுவும் வாய்ச்சொல். இது எனக்குப் பிடிக்கவில்லை, அவரிடமே சொன்னேன். மூன்றாவது வாரம் சிடி வைக்கும் தட்டு வெளியே வர மறுத்தது. தூக்கிக்கொண்டு போனேன். உள்ளே இருந்த மெல்லிய ரப்பர் வார் நீண்டு தளர்ந்திருந்தது. முப்பது வருடத்துக்கு மேலான ரப்பர், அதன் ஆயுள் அவ்வளவுதான். புதிய வார் போட்டுக் காசு வாங்காமல் அனுப்பினார். விற்பதற்கு முன்பே மாற்றியிருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

ஒலியைப் பற்றிச் சொல்லாவிட்டால் இத்தனையும் வீண். மின்விசிறியை நிறுத்திவிட்டு, காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரத்தைப் போட்டேன். டிவிடி பிளேயரில் தவில் ஒரே இரைச்சலாகக் கேட்கும். இதில் தவிலின் வலப்பக்கமான வலந்தலையில் விரல்கூடு படுவது வேறாகவும், இடப்பக்கமான தொப்பியில் கோல் விழுவது வேறாகவும் கேட்டது. நீண்ட சுரம் முடியும் இடத்தில் அவர் மூச்செடுப்பதைக் கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். பழைய பதிவின் இரைச்சலும் தெளிவாகத்தான் வருகிறது. அதை இந்தக் கருவி மறைப்பதில்லை. அம்மா சமையலறையிலிருந்து வந்து, அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார். அந்தச் சிடி முடியும் வரை நாங்கள் பேசவில்லை.

போன வாரம் போனபோது அதே சுவரில் இன்னும் இரண்டு சிடி பிளேயர்கள் இருந்தன. அவற்றில் ஒன்று 100 வோல்ட்; என் கதையைக் கேட்ட பிறகு அதன் பிளக்கில் சிவப்பு டேப் சுற்றி வைத்திருக்கிறார். அதை எடுப்பவர்கள் மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்பார்மருக்கும் சேர்த்துப் பணம் கொண்டு போங்கள்.