எங்கள் ஊர் நகராண்மைக் கழகம்: புகார் கவுண்டருக்கு 4 நட்சத்திரம், செயலிக்கு 1

மலேசியத் தோட்டம் ஒன்றில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவன் நான். தேதி இல்லாமல் எதையும் பேசிப் பழக்கமில்லை. எங்கள் ஊர் நகராண்மைக் கழகத்தின் புகார் சேவையைப் பற்றியும் கணக்கோடுதான் எழுதுகிறேன்.

எங்கள் தாமான் (குடியிருப்பு) முனையில் லோங்காங் (சாக்கடை) மேலிருந்த சிமெண்டு மூடி உடைந்து, ஒரு காலே உள்ளே இறங்கும் அளவுக்கு ஓட்டை. பள்ளிப் பிள்ளைகள் நடக்கிற வழி. மார்ச் 3 அன்று செயலியில் படத்தோடு புகார் போட்டேன். 12ஆம் தேதி பச்சை எழுத்தில் ‘செலெசாய்’ (முடிந்தது) என்று பதில். பரவாயில்லையே என்று போய்ப் பார்த்தால் ஓட்டை அப்படியே இருக்கிறது. யாரோ ஒரு புண்ணியவான் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியை அதில் செருகி வைத்திருந்தார். நடந்த வேலை அதுதான்.

கழகத்தின் கவுண்டர் வேறு ரகம். எண் வாங்கிப் பத்து நிமிடத்தில் கூப்பிட்டார்கள். அங்கிருந்த மலாய்ப் பெண் ‘பாக்சிக்’ (மாமா) என்று மரியாதையாக உட்கார வைத்து, மூடிய புகாரைத் திரும்பத் திறந்து, அச்செடுத்தும் கொடுத்தார். ஆனால் லோங்காங்குக்கு மூடி போடுவது அந்தப் பிள்ளையின் கையிலா இருக்கிறது?

தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) சாக்கடை அடைத்தால் வாசக்கூட்டியிடம் சொல்வார்கள். கேட்காவிட்டால் கங்காணி, அப்புறம் என் மேசை, கடைசியில் தோட்ட நிர்வாகியான துரை. துரையை யாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை. டவுனுக்குக் குடிவந்தும் அதே கதைதான். இந்தோனேசியாவோடு மோதல் இருந்த 1965-இல் உள்ளாட்சித் தேர்தலை நிறுத்தினார்கள். 1976 உள்ளாட்சிச் சட்டம் அதை ஒரேயடியாக எடுத்துவிட்டது. கழக உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது. தேர்தல் திரும்ப வேண்டும் என்று சொன்ன அரச ஆணையத்துக்குத் தலைவர் நம்ம தமிழ் அரசியல்வாதி ஆதி நாகப்பன். யார் கேட்டார்கள்? வீட்டு வரி மட்டும் பிப்ரவரி, ஆகஸ்டு என்று ஆண்டுக்கு இரண்டு முறை தவறாமல் வந்துவிடும்.

அதே சட்டத்தின் 23ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். கழகமே வேண்டாமென்று தீர்மானம் போட்டால் ஒழிய, அதன் கூட்டத்துக்குப் பொதுமக்கள் போய் உட்காரலாம். குடியிருப்பாளர் சங்கத்திலிருந்து 11 பேர் போனோம். காவலாளி இரண்டு இடத்துக்குப் போன் போட்டுவிட்டுத்தான் உள்ளே விட்டார். பேச விடமாட்டோம் என்றார்கள். சரி என்று பின்வரிசையில் இரண்டு மணி நேரம் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தோம். பக்கத்து வீட்டு அக்கா மட்டும் அந்த ஓட்டையின் படத்தைப் பெரிதாக அச்சடித்து மடியில் நிமிர்த்தி வைத்திருந்தார். எங்கள் பகுதி உறுப்பினர் மூன்று முறை திரும்பிப் பார்த்தார். ஐந்தாம் நாள் லாரி வந்தது. மூடி நல்ல கனம், குறை சொல்ல முடியாது.

கூட்டத்துக்குப் போகிறவர்கள் சுவெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள், ஏர்கோன் எலும்புவரை ஏறுகிறது. அப்புறம், அந்தச் சிவப்பு நாற்காலி என் வீட்டு வாசலில்தான் கிடக்கிறது. ஒரு கால் கொஞ்சம் வளைந்திருக்கிறது. உடையவர் வந்து எடுத்துக்கொள்ளலாம்.