இதய நோயாளிக்கு ஃப்ளூ ஊசி: எங்கப்பாவ கூட்டிட்டு போன கிளினிக் பத்தி

எங்கப்பாவுக்கு வயசு 68, ஆஞ்சியோ பண்ணி ஸ்டென்ட் வச்சிருக்கு, சுகரும் இருக்கு. இந்த தடவை செக்கப்புக்கு போனப்ப கார்டியாலஜிஸ்ட் "வருஷா வருஷம் ஃப்ளூ ஊசி போட்டுக்கோங்க"ன்னு சீட்டுல எழுதி குடுத்துட்டாரு, ஆனா எங்க போடுறதுன்னு தான் தெரியல. பக்கத்துல ஒரு மெடிக்கல் ஷாப்ல கேட்டா ஊசிய எடுத்து சாதா பிளாஸ்டிக் கவர்ல போட்டு குடுக்குறாங்க, ஐஸ் பேக் கூட இல்ல. 2 டிகிரியில இருந்து 8 டிகிரிக்குள்ள வச்சிருக்க வேண்டிய பொருள், வெளிய சென்னை வெயிலு. வேணாம்னு வந்துட்டோம். அப்புறம் தெரிஞ்சவங்க சொல்லி தான் தாம்பரம் பக்கம் பெரியவங்களுக்கும் தடுப்பூசி போடுற இந்த சின்ன கிளினிக்குக்கு போனோம். பேரு போடல, ஆனா எப்படி இருந்துச்சுன்னு எழுதியே ஆகணும், ஏன்னா வீட்ல ஹார்ட் பேஷன்ட் வச்சிருக்கற நெறைய பேருக்கு இப்படி ஒரு ஊசி இருக்கறதே தெரியல.

முதல்ல ஒரு விஷயம், எங்கப்பா போடவே மாட்டேன்னுட்டாரு. காரணம் வாட்ஸ்அப். கொரோனா ஊசிக்கு அப்புறம் தான் எல்லாரும் மாரடைப்புல போறாங்க, நடிகர் விவேக்கே ஊசி போட்ட மறுநாள் விழுந்துட்டாரு, இப்ப இன்னொரு ஊசியான்னு. சித்தப்பா அனுப்புற வீடியோ எல்லாத்தையும் சேவ் பண்ணி வச்சிருக்காரு. நான் எவ்ளோ சொன்னாலும் "நீ என்ன டாக்டரா"ன்னு ஒரே வார்த்தை.

இந்த கிளினிக்குக்கு நான் முழு மார்க் குடுக்கறது இந்த இடத்துல தான். டாக்டரம்மா அப்பாவ பயந்தாங்கொள்ளி மாதிரி நடத்தல, ஊசிய எடுத்துட்டு கையையும் நீட்ட சொல்லல. "சார், போன்ல என்ன வந்திருக்கு காட்டுங்க"ன்னு கேட்டு வாங்கி, வெளிய ஆளு காத்திருந்தும் பொறுமையா ஒவ்வொண்ணா பாத்தாங்க.

விவேக் சார் விஷயத்துல இருந்தே ஆரம்பிச்சாங்க. 2021 ஏப்ரல் 15 ஓமந்தூரார் ஆஸ்பத்திரியில கோவேக்சின் போட்டாரு, மறுநாள் மயங்கி விழுந்தாரு, 17ஆம் தேதி காலையில இறந்துட்டாரு, இது அத்தனையும் உண்மைன்னு முதல்ல ஒத்துக்கிட்டாங்க. அதுக்கப்புறம், அவரோட இதயத்துக்கு போற முக்கியமான ரத்தக்குழாய் 100 சதவீதம் அடைச்சிருந்துச்சு, குழாய்ல கொழுப்பு படியறது பல வருஷமா நடக்கற வேலை, ஒரு நாள்ல ஆகறது இல்ல சார்னாங்க. தடுப்பூசிக்கு பின்னாடி வர்ற பாதிப்புகள விசாரிக்கற தேசிய குழு அதே வருஷம் அக்டோபர்ல, இந்த மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பு இல்ல, ரெண்டும் அடுத்தடுத்து நடந்தது தற்செயல்னு முடிவு சொன்னதையும் சொன்னாங்க. ஊசி போட்ட போட்டோ எல்லா சேனல்லயும் வந்துச்சு, இந்த முடிவு எத்தன பேருக்கு போய் சேந்துச்சு? எனக்கே அன்னிக்கு தான் தெரியும்.

அடுத்து அப்பா கேட்டது சின்ன வயசு பசங்க ஜிம்ல, கல்யாண வீட்ல சுருண்டு விழுந்து சாகறது. அதுக்கு அவங்க சொன்னது நம்ம சென்னை அயப்பாக்கத்துல இருக்கற, ஐசிஎம்ஆரோட (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் பண்ண ஆய்வு. நாடு முழுக்க 47 ஆஸ்பத்திரியில இருந்து, 18 முதல் 45 வயசுக்குள்ள நல்லா இருந்து திடீர்னு இறந்துபோன 729 பேரோட விவரத்த எடுத்து, அதே வயசு, அதே ஏரியாவுல உயிரோட இருக்கற 2,916 பேரோட ஒப்பிட்டு பாத்திருக்காங்க. 2023ல வெளிவந்த ரிசல்ட் என்னன்னா ஊசியால ஆபத்து கூடல, ரெண்டு டோஸ் போட்டவங்களுக்கு திடீர் மரணம் கம்மியாவே இருந்திருக்கு. ஆபத்து கூடுதலா தெரிஞ்சது யாருக்குன்னா கொரோனா வந்து ஆஸ்பத்திரியில படுத்தவங்க, குடும்பத்துல அந்த மாதிரி திடீர் மரணம் நடந்தவங்க, சாகறதுக்கு முந்தின ரெண்டு நாளுக்குள்ள மூக்குமுட்ட குடிச்சவங்க, உடம்ப வருத்தி கடுமையா வேலையோ எக்சர்சைஸோ பண்ணவங்க.

பக்க விளைவே இல்லன்னு அவங்க சொல்லல, எனக்கு அது ரொம்ப பிடிச்சுது. கோவிஷீல்டால ரொம்ப அபூர்வமா ரத்தக்கட்டு வரும், அது போட்ட சில வாரத்துக்குள்ள வர்றது, நாலஞ்சு வருஷம் கழிச்சு வராது. ஃபைசர், மாடர்னா ஊசியில இதயத்தசை வீக்கம் வந்தது உண்மை, பெரும்பாலும் சின்ன வயசு ஆம்பள பசங்களுக்கு, ரெண்டாவது டோஸ் போட்ட சில நாள்ல, அதுலயும் பெரும்பாலானவங்க சரியாயிட்டாங்க, ஆனா அந்த ரெண்டு ஊசியும் நம்ம ஊரு முகாம்ல போடவே இல்லன்னாங்க. அப்பா அப்ப தான் சேர்ல நல்லா சாஞ்சு உக்காந்தாரு.

சரி, இதயத்துக்கும் ஃப்ளூவுக்கும் என்ன சம்பந்தம்? ஃப்ளூ வந்தா உடம்பு முழுக்க உள்ளுக்குள்ள அழற்சி வருது (வெளிய தெரியற வீக்கம் இல்ல), ரத்தம் உறையற தன்மை கூடுது, காய்ச்சல்ல நெஞ்சு படபடன்னு அடிக்குது, ஏற்கனவே குழாய்ல இருக்கற கொழுப்பு கட்டி அந்த நேரத்துல உடைய வாய்ப்பு அதிகம். 2018ல கனடாவுல வந்த ஆய்வுல, ஃப்ளூ உறுதியான முதல் 7 நாள்ல மாரடைப்பு வர்ற வாய்ப்பு மத்த நேரத்த விட சுமார் 6 மடங்குன்னு கண்டுபிடிச்சிருக்காங்க. 2021ல ஸ்வீடன் டாக்டர்கள் முன்ன நின்னு பங்களாதேஷ் உட்பட 8 நாட்டுல, பெரும்பாலும் அப்ப தான் மாரடைப்பு வந்த 2,500க்கும் மேல பேருக்கு பாதி பாதியா ஃப்ளூ ஊசியும் வெறும் உப்புத்தண்ணி ஊசியும் போட்டு ஒரு வருஷம் பாத்ததுல, ஊசி போட்டவங்கள்ல 2.9 சதவீதம் பேரு இறந்தாங்க, போடாதவங்கள்ல 4.9 சதவீதம். எல்லாருக்கும் இதே அளவு பலன்னு சொல்ல முடியாது, ஆனா உங்கள மாதிரி ஆளுக்கு போடறது நல்லதுன்னு நேரா சொன்னாங்க.

ஊசி விஷயத்துக்கு வர்றேன். ஃப்ரிட்ஜ்ல சாப்பாடு, தண்ணி பாட்டில் எதுவும் இல்ல, வெளியவே டெம்பரேச்சர் மீட்டர், பக்கத்துல காலை சாயங்காலம் எழுதுற நோட்டு. பொட்டிய அப்பா கையிலயே குடுத்து எக்ஸ்பைரி டேட், எந்த சீசன் ஊசின்னு படிக்க சொன்னாங்க, இத கண்டிப்பா பாக்கணும், ஏன்னா வைரஸ் மாறுறதால ஊசியும் மாறுது. இப்ப காய்ச்சல் இருக்கா, முன்னாடி ஊசிக்கு பெரிய அலர்ஜி வந்திருக்கா, கை கால் செயலிழந்து போற குய்லன் பாரே வந்திருக்கான்னு கேட்டாங்க. அப்பா ரத்தம் உறையாம இருக்க ரெண்டு மாத்திரை சாப்பிடறாருன்னு சொன்னதும் நர்ஸ் சிஸ்டர் மெல்லிசு ஊசியா எடுத்து போட்டு, தேய்க்காம பஞ்ச அப்படியே அழுத்தி புடிச்சிருந்தாங்க, மாத்திரைய நிறுத்த சொல்லல. கால் மணி நேரம் உக்கார வச்சு பாத்துட்டு, பேட்ச் நம்பர் ஸ்டிக்கர அட்டையில ஒட்டி குடுத்தாங்க. அன்னிக்கு ராத்திரி கை லேசா வலிச்சுது, அவ்ளோ தான்.

குறைன்னா ரேட்டு. போன்ல ஒண்ணு சொன்னாங்க, போனா கன்சல்டிங் தனி. செவுத்துல ஒரு போர்டு எழுதி வச்சா என்ன? ஃப்ளூ ஊசி விலையே பெரியவங்களுக்கு பாரம், அதையும் வருஷா வருஷம் போடணும், பென்ஷன் இல்லாதவங்க எங்க போவாங்க? அரசு ஆஸ்பத்திரியில இதய நோயாளிங்க எல்லாருக்கும் இலவசமா போட்டா எவ்ளோ நல்லா இருக்கும். நிமோனியா ஊசி பத்தியும் சொன்னாங்க, ஆனா அன்னிக்கே போடுங்கன்னு நெருக்கல, கார்டியாலஜிஸ்ட்ட கேட்டுட்டு வாங்கன்னாங்க.

போறவங்க மழைக்காலத்துக்கு முன்னாடியே போயிடுங்க, நம்ம பக்கம் ஃப்ளூ அக்டோபர், நவம்பர்ல தான் அதிகம், ஊசி வேலை செய்ய ரெண்டு வாரம் ஆகும். கிளினிக் முதல் மாடி, லிப்ட் இல்ல, இதய நோயாளிங்க வர்ற இடத்துக்கு இது பெரிய குறை. மூச்சு வாங்கறவங்க முன்னாடியே போன் பண்ணி சொல்லிடுங்க, சிஸ்டர் கீழ இருக்கற ரூம்லயே வந்து போட்டுட்டு போறாங்க.